குழந்தைகளின் கண் உள் அழற்சி: குழந்தைநல மருத்துவரின் பங்கு

குழந்தைகளின் கண் உள் அழற்சி என்பது, கண்ணின் நடு உறையான யூவியாவில் ஏற்படும் அழற்சி ஆகும். மருத்துவத்தில் இது யுவைட்டிஸ் எனப்படுகிறது. இந்நோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் பெரியவர்களே. குழந்தைகளின் பங்கு ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காடு வரைதான். எனினும் குழந்தைகளிடம் இது தாமதமாகக் கண்டறியப்படுவதால், பார்வையிழப்பு ஏற்படும் வாய்ப்பு அவர்களுக்கு அதிகம்.

கண்ணுக்குள் பார்த்து நோயை உறுதி செய்பவர் கண் மருத்துவர். ஆனால் குழந்தைகளிடம் இந்நோய் பல நேரங்களில் உடலின் வேறோர் இடத்து நோயோடு, குறிப்பாக மூட்டழற்சியோடு, சேர்ந்து வருகிறது. சிகிச்சையும் கண் சொட்டு மருந்தோடு முடிவதில்லை. உடல் முழுவதும் செயல்படும் மருந்துகள் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தேவைப்படுகின்றன. எனவே குழந்தையைக் கண் பரிசோதனைக்கு அனுப்புவதிலும், நோயின் காரணத்தைத் தேடுவதிலும், மருந்துகளைப் பாதுகாப்பாகக் கொடுப்பதிலும் குழந்தைநல மருத்துவருக்கு முதன்மையான பங்கு உண்டு.

கண்ணின் எந்தப் பகுதி?

கண்கோளத்தை மூன்று உறைகளாகக் கொள்ளலாம். வெளி உறை, வெள்ளை விழியும் அதன் முன்னே கண்ணாடி போலுள்ள கார்னியாவும் ஆகும். உள் உறை, ஒளியை உணரும் விழித்திரை. இவ்விரண்டுக்கும் நடுவே இரத்தக் குழாய்கள் நிறைந்த உறையே யூவியா. இதற்கு மூன்று பகுதிகள் உண்டு.

1. ஐரிஸ்: கண்ணுக்கு நிறம் தரும் வளையம். இதன் நடுவிலுள்ள துளையே கண்பாவை.
2. சிலியரி பகுதி: விழிலென்சைத் தாங்கி அதன் குவியத்தை மாற்றுவது, கண்ணின் முன்னறையை நிரப்பும் நீரைச் சுரப்பதும் இதுவே.
3. கோராய்டு: விழித்திரைக்குப் பின்னால் இருந்து அதன் வெளி அடுக்குகளுக்கு ஊட்டம் அளிப்பது.

ஐரிசிலும் சிலியரி பகுதியின் முன்புறத்திலும் வரும் அழற்சி முன்பக்க அழற்சி எனப்படும். கண்ணின் நடுவிலுள்ள விழிப்பாகுவை மையமாகக் கொண்டது இடைப்பகுதி அழற்சி. கோராய்டு, விழித்திரை ஆகியவற்றில் வருவது பின்பக்க அழற்சி. மூன்றும் சேர்ந்தும் வரலாம். குழந்தைகளிடம் அதிகம் காணப்படுவது முன்பக்க அழற்சியே.

"மெட்ராஸ் ஐ" இதுவன்று

கண் அழற்சி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது "மெட்ராஸ் ஐ" என்று பெயர் பெற்ற கண்வலிதான். கண் சிவக்கும், பீளை தள்ளும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும், வீட்டில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும். அது கண்ணின் மேற்பரப்பிலுள்ள மெல்லிய சவ்வின் அழற்சி. பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தானே ஆறிவிடும்.

கண் உள் அழற்சி வேறு. மூட்டழற்சியோடு வரும் உள் அழற்சி ஒட்டுவாரொட்டி அன்று. பீளை தள்ளாது. கவனிக்காமல் விட்டால் கண்ணுக்குள் தழும்பை உண்டாக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் நாட்பட்ட முன்பக்க அழற்சியில் கண் சிவப்பதும் இல்லை, வலிப்பதும் இல்லை. வெளியே பார்க்கக் கண் வெள்ளை வெளேரென்று இருக்கும். குழந்தை ஓடி விளையாடும். உள்ளே அழற்சி நடந்துகொண்டே இருக்கும்.

ஒரு கண்ணில் மட்டும் பார்வை மங்கினால் மற்றக் கண் ஈடுகட்டிவிடும். மூன்று வயதுக் குழந்தைக்குத் தன் பார்வை மங்குகிறது என்பதே தெரியாது; தெளிவாகப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று ஒப்பிட அதனிடம் வேறு அனுபவம் இல்லை. பள்ளிகளில் எழுத்து அட்டையைக் காட்டிச் செய்யும் பார்வைச் சோதனையிலும் தொடக்க நிலை அழற்சி தப்பிவிடும். ஏனெனில் அந்த நிலையில் குழந்தை எழுத்துகளைச் சரியாகவே வாசிக்கும்.

கண்டறியும் முறை

இந்த அழற்சியைக் காண ஸ்லிட் லேம்ப் என்னும் பிளவு விளக்கு நுண்ணோக்கி தேவை. சுவீடன் நாட்டுக் கண் மருத்துவர் அல்வர் குல்ஸ்ட்ராண்ட் 1911ஆம் ஆண்டில் இதை அறிமுகப்படுத்தினார். ஓட்டு வீட்டுக் கூரையின் இடுக்கு வழியே வெயில் கீற்று விழும்போது, அதுவரை கண்ணுக்குத் தெரியாத தூசுகள் அந்தக் கீற்றில் மிதப்பதைப் பார்த்திருப்போம். வேதியியல் பாடத்தில் இதை டிண்டால் விளைவு என்று படிக்கிறோம். அதே அடிப்படையில், கண்ணின் முன்னறைக்குள் மெல்லிய ஒளிக்கீற்றைச் செலுத்தினால், அங்கே மிதக்கும் வெள்ளணுக்கள் தெரியும். நலமான கண்ணின் முன்னறை நீர் தெளிவாக இருக்கும்.

1 மி.மீ. நீளமும் 1 மி.மீ. அகலமும் உள்ள ஒளிக்கீற்றில் எத்தனை அணுக்கள் தெரிகின்றன என்று எண்ணி அழற்சியின் அளவைக் குறிப்பார்கள். 2005இல் வெளியான பன்னாட்டு வரையறையின்படி, ஓர் அணுவும் இல்லையென்றால் 0. 1 முதல் 5 வரை இருந்தால் 0.5+, 6 முதல் 15 வரை 1+, 16 முதல் 25 வரை 2+, 26 முதல் 50 வரை 3+, அதற்கும் மேல் 4+. மருத்துவக் குறிப்பேட்டில் இந்த எண்ணைப் பார்க்கும் பெற்றோர், சிகிச்சை பலன் தருகிறதா என்பதைத் தாங்களே தொடர்ந்து கவனிக்கலாம்.

கைவிளக்கால் பார்த்து இந்த அணுக்களைக் காண முடியாது. குழந்தைநல மருத்துவரின் அறையில் பொதுவாக ஸ்லிட் லேம்ப் இருப்பதில்லை. "கண் நன்றாகத்தான் இருக்கிறது" என்று அங்கே சொல்லிவிட முடியாது என்பதை அறிந்திருப்பதே அவருடைய பணியின் தொடக்கம்.

மூட்டும் கண்ணும்

16 வயது நிறைவதற்கு முன் தொடங்கி, குறைந்தது 6 வாரங்கள் நீடிக்கும், வேறு காரணம் கண்டறியப்படாத மூட்டழற்சியை இளம்பருவ மூட்டழற்சி என்கிறோம். வாத நோய் முதியவர்களுக்கு மட்டுமே வரும் என்பது தவறான எண்ணம். குழந்தைகளுக்கு வரும் நாட்பட்ட மூட்டு நோய் பற்றி ஜார்ஜ் ஃபிரடெரிக் ஸ்டில் என்ற ஆங்கில மருத்துவர் 1897ஆம் ஆண்டிலேயே விரிவாக எழுதியிருக்கிறார். மூட்டு நோயுள்ள ஒரு குழந்தைக்குக் கண் உள் அழற்சியும் இருந்ததை ஓம் என்ற மருத்துவர் 1910இல் பதிவு செய்தார்.

மேலை நாட்டு ஆய்வுகளில், இளம்பருவ மூட்டழற்சி உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ 10 முதல் 20 விழுக்காட்டினருக்குக் கண் உள் அழற்சி காணப்படுகிறது. இந்தியாவிலிருந்து வந்த ஆய்வுகளில் இது பொதுவாகக் குறைவாகவே உள்ளது. எல்லா வகை மூட்டழற்சிக்கும் இந்த ஆபத்து ஒரே அளவில் இல்லை. ஆபத்தைக் கூட்டும் காரணிகள் இவை:

- முதல் ஆறு மாதங்களில் நான்கு அல்லது அதற்கும் குறைவான மூட்டுகளில் மட்டும் வீக்கம் இருத்தல்
- 7 வயதுக்கு முன் மூட்டழற்சி தொடங்குதல்
- இரத்தத்தில் ஏ.என்.ஏ. என்னும் எதிர்ப்பொருள் சோதனை பாசிட்டிவாக இருத்தல்
- மூட்டழற்சி தொடங்கி 4 ஆண்டுகளுக்குள் இருத்தல்

ஆக, முழங்கால் ஒன்று மட்டும் வீங்கி, வலியென்று பெரிதாக அழாமல், காலையில் எழுந்ததும் சற்று நொண்டி நடந்து, பின்பு சரியாகிவிடும் இரண்டு மூன்று வயதுப் பெண் குழந்தையே கண் நோய்க்கு அதிகம் ஆளாகக்கூடியவள். மூட்டைப் பொறுத்தவரை அவளுடைய நோய் மிகவும் லேசானது. கண்ணைப் பொறுத்தவரை அவளுக்கே ஆபத்து அதிகம். "விழுந்திருப்பாள்", "சுளுக்கு", "வளரும் வலி" என்று வீட்டில் எண்ணெய் தேய்த்துக் கழியும் மாதங்களில் அவளுடைய கண் கெட்டுப்போகலாம்.

சில குழந்தைகளுக்குக் கண் அழற்சி முதலில் வந்து, மூட்டு பின்னர் வீங்குவதும் உண்டு. மூட்டு வலி தணிந்துவிட்டது என்றால் கண்ணும் தணிந்துவிட்டது என்று பொருளில்லை. இரண்டும் ஒன்றையொன்று சாராமல் ஏறி இறங்கும்.

தசைநாண்கள் எலும்போடு இணையும் இடங்களில் வலி வரும் மற்றொரு வகை மூட்டழற்சி, பத்து வயதை ஒட்டிய சிறுவர்களிடம் அதிகம். எச்.எல்.ஏ. பி27 என்னும் மரபுக் குறியீடு இவர்களில் பலரிடம் காணப்படும். இவர்களுக்கு வரும் கண் அழற்சி வெளிப்படையானது: கண் சட்டென்று சிவக்கும், வலிக்கும், வெளிச்சத்தைப் பார்க்கக் கூசும். அறிகுறி உரத்துப் பேசுவதால் இவர்கள் விரைவில் மருத்துவரிடம் வந்துவிடுகிறார்கள்.

குழந்தைநல மருத்துவரின் பணிகள்

1. அறிகுறி இல்லாதபோதே கண்ணுக்கு அனுப்புதல்

மூட்டழற்சி என்று ஐயம் எழுந்தவுடன், கண்ணில் எந்தக் குறையும் இல்லாவிட்டாலும், ஸ்லிட் லேம்ப் பரிசோதனைக்கு அனுப்புவது முதற்பணி. பிரிட்டனின் வழிகாட்டுதல், பரிந்துரை செய்த 6 வாரங்களுக்குள் முதல் பரிசோதனை நடக்க வேண்டும் என்கிறது. ஒரு முறை பார்த்து "சரி" என்று வந்தால் போதாது. இன்று தெளிவாக இருக்கும் கண்ணில் மூன்று மாதம் கழித்து அழற்சி தொடங்கலாம்.

அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 1993இலும் 2006இலும் இதற்கான கால அட்டவணைகளை வெளியிட்டது. அமெரிக்க வாதநோய் மருத்துவர் கல்லூரியின் 2019 வழிகாட்டுதலின்படி, அதிக ஆபத்துள்ள குழந்தைகளுக்கு 3 மாதங்களுக்கு ஒரு முறை கண் பரிசோதனை தேவை. ஆபத்து குறைந்தவர்களுக்கு 6 முதல் 12 மாதங்களுக்கு ஒரு முறை போதும்.

நடைமுறையில் இந்த அட்டவணை தவறுவது, மூட்டு சரியான பிறகுதான். முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது, குழந்தை நன்றாக நடக்கிறது, கண்ணிலும் ஒன்றும் தெரியவில்லை. பிறகு எதற்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மாவட்டத் தலைநகர் வரை போக வேண்டும் என்று பெற்றோருக்குத் தோன்றுவது இயல்பு. தடுப்பூசிக்கும் காய்ச்சலுக்கும் குழந்தை மீண்டும் மீண்டும் வருவது குழந்தைநல மருத்துவரிடம்தான். அப்படி வரும் ஒவ்வொரு முறையும் "கடைசியாகக் கண் பார்த்தது எப்போது?" என்று அவர் கேட்கும் ஒரு கேள்வி, ஒரு கண்ணைக் காப்பாற்றக்கூடும்.

2. காரணத்தைத் தேடுதல்

சில வேளைகளில் வழி எதிர்த்திசையில் இருக்கும். கண் மருத்துவர் உள் அழற்சியைக் கண்டுபிடித்து, "உடலில் காரணம் உண்டா?" என்று கேட்டுக் குழந்தைநல மருத்துவரிடம் அனுப்புவார். அப்போது தலை முதல் கால் வரை பரிசோதிக்க வேண்டியிருக்கிறது.

- மூட்டுகள்: ஒவ்வொரு மூட்டையும் தொட்டு, மடக்கிப் பார்த்தல். வீங்கியும் வலிக்காத மூட்டு இருக்கலாம்.
- காசநோய்: வீட்டில் யாருக்காவது இருமல் உண்டா, காசநோய் மருந்து சாப்பிட்டவர் உண்டா என்று கேட்டல், தோல் சோதனை, மார்பு எக்ஸ்ரே. இந்தியாவில் இது விட்டுவிடக் கூடாத படி.
- சிறுநீர்: சிறுநீரக அழற்சியும் கண் அழற்சியும் சேர்ந்து வரும் நோய் ஒன்று உண்டு. களைப்பும் எடை குறைவும் மட்டுமே அதன் அறிகுறியாக இருக்கலாம். எளிய சிறுநீர், இரத்தப் பரிசோதனைகள் வழிகாட்டும்.
- தோல்: சிறு வயதில் தோல் தடிப்பு, மூட்டு வீக்கம், கண் அழற்சி மூன்றும் சேர்ந்தால் பிளாவ் நோய்க்குறி என்னும் மரபு நோயை நினைக்க வேண்டும். தொடர் வாய்ப்புண்கள் பேசெட் நோயைக் காட்டலாம்.
- காய்ச்சல்: 5 நாட்களுக்கு மேல் காய்ச்சல், சிவந்த உதடு, பீளையில்லாச் சிவந்த கண்கள் என்றால் கவாசாகி நோய்.
- நோய்த்தொற்றுகள்: அக்கி வகை வைரசுகள், டாக்சோபிளாஸ்மா, நாய்க்குட்டிகளின் குடற்புழுவால் வரும் டாக்சோகாரா.
- வேடமிட்டு வரும் நோய்கள்: இரத்தப் புற்றுநோயும் விழித்திரைப் புற்றுநோயும் அழற்சி போலத் தோற்றமளிக்கக்கூடும். இவற்றை விலக்காமல் ஸ்டீராய்டு தொடங்கினால் உண்மை நோய் மறைந்துகொள்ளும்.

இவ்வளவு தேடியும் காரணம் கிடைக்காத குழந்தைகளும் பலர். காரணம் தெரியவில்லை என்பதால் சிகிச்சை தள்ளிப்போவதில்லை.

3. மருந்துகளைப் பாதுகாப்பாக வழிநடத்துதல்

முதலில் தரப்படுவது ஸ்டீராய்டு சொட்டு மருந்து. அழற்சியை விரைவாக அடக்குவதில் இதற்கு இணையில்லை. ஐரிஸ் லென்சோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்தும் தேவைப்படலாம். ஆனால் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை அதிக அளவில், நெடுநாள் போட்டால் கண் அழுத்தம் உயரும், கண்புரை உண்டாகும். அழற்சியும் இதே இரண்டு கேடுகளையும் செய்யும். இதனால் நோயை அடக்குவதோடு, சொட்டு மருந்தைக் குறைப்பதும் சிகிச்சையின் குறிக்கோள் ஆகிறது.

நாளொன்றுக்கு 1 அல்லது 2 சொட்டு ஸ்டீராய்டு இல்லாமல் கண் அடங்கவில்லை என்றால், உடல் முழுவதும் செயல்படும் மருந்தைச் சேர்க்க 2019 வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. இந்த இடத்தில்தான் பொறுப்பின் பெரும்பகுதி குழந்தைநல மருத்துவரிடம், இருந்தால் குழந்தை வாதநோய் நிபுணரிடம், வந்து சேர்கிறது.

மெத்தோட்ரெக்சேட்: பெரும்பாலும் முதலில் தேர்ந்தெடுக்கப்படுவது இதுவே. வாரத்திற்கு ஒரே ஒரு நாள், மாத்திரையாகவோ தோலடி ஊசியாகவோ தரப்படும். முழுப் பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும். வாந்தி, வாய்ப்புண் போன்றவற்றைக் குறைக்க ஃபோலிக் அமில மாத்திரை தருவார்கள். இரத்த அணுக்களையும் கல்லீரலையும் குறித்த இடைவெளியில் சோதிக்க வேண்டும். இம்மருந்தில் நேரும் மிகப் பெரிய ஆபத்து, வார மருந்தைத் தவறுதலாகத் தினமும் கொடுத்துவிடுவது. அது உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே மருந்துச் சீட்டில் "வாரம் ஒரு முறை" என்று எழுதுவதோடு நில்லாமல், "ஞாயிறு மட்டும்" என்பதுபோல் கிழமையின் பெயரையும் எழுதி, பெற்றோரைத் திரும்பச் சொல்லச் செய்வது நல்ல பழக்கம்.

அடாலிமுமாப்: மெத்தோட்ரெக்சேட் மட்டும் போதாதபோது சேர்க்கப்படும் உயிரியல் மருந்து. அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்னும் புரதத்தைத் தடுக்கிறது. பொதுவாக 2 வாரங்களுக்கு ஒரு முறை தோலடி ஊசியாகப் போடப்படும். பிரிட்டனில் நடந்து 2017இல் வெளியான சிக்காமோர் ஆய்வு இதன் பயனை உறுதி செய்தது. மெத்தோட்ரெக்சேட் எடுத்தும் கண் அடங்காத 90 குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் அதில் பங்கேற்றனர். அடாலிமுமாப் பெற்ற 60 பேரில் 16 பேருக்கு, அதாவது 27 விழுக்காட்டினருக்கு, சிகிச்சை தோல்வியுற்றது. வெற்று ஊசி பெற்ற 30 பேரில் 18 பேருக்கு, அதாவது 60 விழுக்காட்டினருக்கு, தோல்வியுற்றது. பயன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. அடாலிமுமாப் பெற்ற குழுவில் பக்க விளைவுகளும் அதிகமாகவே பதிவாயின என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூட்டுக்கு நன்றாக வேலை செய்யும் எட்டனர்செப்ட் என்ற மருந்தும் டி.என்.எஃப்.ஐத் தடுப்பதே. ஆனால் கண் உள் அழற்சிக்கு அது பரிந்துரைக்கப்படுவதில்லை. மூட்டுக்கு மருந்து தேர்ந்தெடுக்கும்போதே கண்ணையும் மனத்தில் கொள்ள வேண்டும் என்பதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

அடாலிமுமாப் தொடங்குமுன் மறைந்திருக்கும் காசநோயைத் தேடுவது கட்டாயம். தோல் சோதனை போட்ட கையை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் காட்டி அளக்கச் செய்ய வேண்டும். வீட்டிலேயே பார்த்து "வீங்கவில்லை" என்று முடிவு செய்யக் கூடாது. இந்த ஊசி மருந்தைக் குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரி செல்சியசில் வைக்க வேண்டும். உறைய விடக் கூடாது.

4. தடுப்பூசிகள்

எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகள் எடுக்கும் குழந்தைக்குப் பொதுவாக உயிருள்ள நுண்ணுயிரால் ஆன தடுப்பூசிகள் போடுவதில்லை. தட்டம்மை, ரூபெல்லா, சின்னம்மைத் தடுப்பூசிகள் இவ்வகையைச் சேர்ந்தவை. செயலிழந்த நுண்ணுயிரால் ஆனவற்றைப் போடலாம். அதனால் கண் நிலைமை இடம்தந்தால், மருந்து தொடங்குமுன்னரே விடுபட்ட தடுப்பூசிகளைப் போட்டு முடிப்பது நல்லது. நம் நாட்டில் சின்னம்மைத் தடுப்பூசி அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இல்லாததால், இக்குழந்தைகளில் பலர் அதைப் போட்டிருக்க மாட்டார்கள். வீட்டிலோ வகுப்பிலோ யாருக்காவது அம்மை கண்டால், வேப்பிலை கட்டிக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

5. வளர்ச்சியைக் கவனித்தல்

கடுமையான அழற்சியில் சிறிது காலம் வாய்வழி ஸ்டீராய்டும் தேவைப்படலாம். அதனால் பசி கூடும், முகம் உப்பும், உயரம் வளர்வது தடைப்படும். உயரத்தையும் எடையையும் வளர்ச்சி அட்டையில் குறித்து வருபவர் குழந்தைநல மருத்துவர். வளர்கோடு படுத்துவிட்டால் மாற்று மருந்துக்கு விரைய வேண்டும் என்று சொல்ல வேண்டியவரும் அவரே. சில வாரங்களுக்கு மேல் எடுத்த வாய்வழி ஸ்டீராய்டைப் பெற்றோர் தாமாகத் திடீரென்று நிறுத்துவது ஆபத்தானது.

6. இரு மருத்துவர்களுக்கு இடையே பாலம்

கண்ணுக்குள் எத்தனை அணுக்கள் என்று அறிந்தவர் மருந்து எழுதுபவர் அல்லர். மருந்து எழுதுபவர் கண்ணுக்குள் பார்ப்பவர் அல்லர். நடுவே நிற்பது பெற்றோர் கையிலுள்ள நோட்டுப் புத்தகம் மட்டும்தான் என்றால் தவறுகள் நேரும். ஸ்டீராய்டு சொட்டு மருந்தின் அளவை மாற்றிய ஒரு மாதத்துக்குள்ளும், உடல் மருந்தை மாற்றிய இரண்டு மாதங்களுக்குள்ளும் கண் பரிசோதனை தேவை என்கிறது 2019 வழிகாட்டுதல். மருந்தை மாற்றும் குழந்தைநல மருத்துவர் அந்தச் செய்தியைக் கண் மருத்துவருக்கு எழுதி அனுப்பினால்தான் இது நடக்கும்.

மருந்தை நிறுத்துவதிலும் இருவரும் சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும். குறைந்தது 2 ஆண்டுகள் கண் அமைதியாக இருந்த பிறகே உடல் மருந்துகளைக் குறைக்கத் தொடங்குவார்கள். நிறுத்திய பின் அழற்சி திரும்புவது உண்டு. எனவே அக்காலத்தில் பரிசோதனைகள் முன்னைவிட நெருக்கமாக நடக்க வேண்டும்.

தென்னிந்தியக் குளங்களும் கண் அழற்சியும்

குழந்தைகளின் கண் உள் அழற்சிக்குத் தமிழகத்தோடு தொடர்புடைய தனிக் காரணம் ஒன்றும் உண்டு. குளத்திலும் ஆற்றிலும் குளிக்கும் கிராமத்துச் சிறுவர்களின் கண்ணின் முன்னறையில் வெண்மையான சிறு முடிச்சுகள் தோன்றுவதை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர் எஸ். ஆர். ரத்தினமும் அவருடைய குழுவினரும் கவனித்து, தட்டைப்புழு வகை ஒட்டுண்ணியே காரணமாக இருக்கலாம் என்று 2002இல் எழுதினர். 2016இல் வெளியான மற்றோர் ஆய்வு, நோயுற்ற கண்களிலிருந்து எடுத்த முடிச்சுகளின் மரபணுவையும், குழந்தைகள் குளித்த நீரில் வாழும் நத்தைகள் வெளியிட்ட புழு இளவுயிரிகளின் மரபணுவையும் ஒப்பிட்டது. இரண்டும் புரோசெரோவம் வேரியம் என்னும் தட்டைப்புழுவோடு பெரிதும் ஒத்திருந்தன.

இங்கும் மருத்துவர் கேட்கும் கேள்வியே நோயைத் திறக்கும் சாவி. "எங்கே குளிப்பாய் தம்பி?" என்று கேட்டால் ஆய்வகத்துக்கு முன்பே பாதி விடை கிடைத்துவிடும். மூட்டு நோயோடு வரும் அழற்சிக்கும் இதற்கும் சிகிச்சை ஒன்றன்று. இதற்கு ஸ்டீராய்டு சொட்டு மருந்தும், பெரிய முடிச்சானால் அதை அகற்றுவதும் தேவைப்படும். ஆண்டுக்கணக்கில் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து தேவைப்படாது. அதே குளத்தில் குளிக்கும் மற்றப் பிள்ளைகளின் கண்களையும் பார்ப்பது நல்லது.

சிகிச்சை தாமதித்தால்

- ஐரிஸ் லென்சோடு ஒட்டி, கண்பாவை வட்டமாக இல்லாமல் கோணலாகும்.
- கார்னியாவின் குறுக்கே சுண்ணாம்புப் பட்டை போன்ற வெண்படிவு தோன்றும்.
- கண்புரை உண்டாகி, கண்பாவை வெண்மையாகத் தெரியும்.
- கண் அழுத்தம் உயர்ந்து பார்வை நரம்பு கெடும்.
- விழித்திரையின் மையப் பகுதி நீர் கோத்து வீங்கும்.

பார்வை வளர்ந்துகொண்டிருக்கும் முதல் ஏழு எட்டு ஆண்டுகளில் ஒரு கண் மங்கினால், மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்தாமல் ஒதுக்கிவிடும். இதைச் சோம்பேறிக் கண் என்பர். பிறகு புரையை நீக்கினாலும் அந்தக் கண்ணுக்கு முழுப் பார்வை திரும்பாமல் போகலாம். பெரியவரின் கண்ணில் தாமதம் ஒரு குறை. குழந்தையின் கண்ணில் அது இரட்டிப்புக் குறை.

பெற்றோரும் ஆசிரியரும் கவனிக்க வேண்டியவை

அறிகுறி இல்லாமலே வரும் நோய் என்பதால், கவனித்துப் பார்ப்பது பரிசோதனைக்கு மாற்றாகாது. ஆயினும் சில குறிப்புகள் உதவும்.

- காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் நொண்டும் குழந்தை மதிய இடைவேளையில் நன்றாக ஓடுகிறதா? காலை விறைப்பு மூட்டழற்சியின் அடையாளம்.
- தரையில் சம்மணமிட்டு உட்காரத் தயங்குகிறதா?
- வெயிலில் ஒரு கண்ணை மூடிக்கொள்கிறதா? புத்தகத்தை முகத்தருகே கொண்டுபோகிறதா? புதிதாக மாறுகண் தெரிகிறதா?
- இரு கண்பாவைகளும் ஒரே அளவாக, வட்டமாக உள்ளனவா?

மாதந்தோறும் மருத்துவமனை செல்லும் மாணவனின் விடுப்பைக் குறையாகப் பார்க்காமல், விடுபட்ட பாடத்தைச் சொல்லிக்கொடுப்பதும், பகலில் சொட்டு மருந்து போட வேண்டியிருந்தால் இடமும் நேரமும் தருவதும் பள்ளி செய்யக்கூடிய உதவிகள். ஸ்டீராய்டால் முகம் உப்பிய பிள்ளையைச் சக மாணவர் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்வதும் ஆசிரியரின் கையில் இருக்கிறது.

மூட்டழற்சி உள்ள குழந்தையின் பெற்றோர் ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு: என் குழந்தைக்குக் கண் நோய் வரும் ஆபத்து அதிகமா, குறைவா? அடுத்த ஸ்லிட் லேம்ப் பரிசோதனை எந்தத் தேதியில்? இப்போது மாற்றிய மருந்தைக் கண் மருத்துவருக்கு யார் தெரிவிப்பார்? எந்தத் தடுப்பூசி போடலாம், எதைப் போடக் கூடாது? இந்த நான்குக்கும் விடையை ஒரே நோட்டில் தேதியுடன் எழுதி வைத்து, இரு மருத்துவர்களிடமும் காட்ட வேண்டும். முழங்கால் முற்றிலும் சரியான பிறகும் இரண்டாவது கேள்வியைக் கேட்பதை நிறுத்தக் கூடாது.